வளவு முற்றத்தில் விழுந்த மழை எங்கே போகிறது?

வெளியூர் நண்பர்கள் செட்டிநாட்டுக்கு வருவதாகச் சொன்னால், அடுத்து வருகிற கேள்வி எனக்கு மனப்பாடம். "எந்த வீட்டைப் பார்க்கணும்?" எந்த மாதத்தில் வரலாம் என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை நானும் அதை யோசிக்காமல் ஒரு கூட்டத்தைச் சித்திரை வெயிலில் கூட்டிக்கொண்டு அலைந்தேன். பத்து வீட்டில் எட்டு வீடு பூட்டிக் கிடந்தது. குடிநீர்க் குளங்களான ஊருணிகளின் அடிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "என்னப்பா, பூட்டின வீடும் பொட்டக்காடுமா இருக்கு" என்று ஒருவர் சொல்லியே விட்டார். அதே ஆட்கள் அடுத்த கார்த்திகையில் வந்தார்கள். அதே தெரு, அதே பூட்டிய வீடுகள். ஆனால் ஊருணி விளிம்பு வரை தளும்பி நின்றது, எதிரே இருந்த கோபுரம் தலைகீழாக அதில் மிதந்தது. அன்றைக்கு அவர்களை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றிலிருந்து செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் வீட்டுப் பட்டியல் கொடுப்பதில்லை. தண்ணீர் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறேன். இந்த ஊர்களின் அழகு தற்செயலாக வந்ததில்லை. மழை பெய்தால் அது எங்கே விழ வேண்டும், எங்கே தங்க வேண்டும், மிஞ்சினால் எங்கே போக வேண்டும் என்று யோசித்துக் கட்டியதில்தான் பாதி அழகு இருக்கிறது.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடலாம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. செம்மண், கொஞ்சம் தோண்டினால் செம்புரான்கல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது பிடித்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நிலம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவை நம்பித்தான் கண்மாய்கள் என்னும் ஏரிகள். ஒரு கண்மாய் நிறைந்ததும், மிஞ்சின தண்ணீர் கலுங்கு என்னும் வடிகால் வழியாக வழிந்து அடுத்ததில் சேரும்; அதைத்தான் மறுகால் போவது என்பார்கள். பாம்பாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, கோட்டக்கரையாறு என்று இந்தப் பக்கத்து ஆறுகளெல்லாம் பெரும்பாலான நாள் மணல்தான்; மழைக்காலத்தில் மட்டும் ஆறு என்று பெயர் எடுத்துக்கொள்ளும்.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் என்று இந்த ஊர்களைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தார் தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறார்கள். கடலோரப் பட்டினத்தைக் கண்டவர்கள் இந்த வறண்ட மண்ணில் வந்து ஊர் கட்டியிருக்கிறார்கள். வீட்டின் அடித்தளத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுவது, அன்று கடல் கொண்ட பயத்தின் மிச்சம் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு என்னவோ, கார்த்திகை மழையில் தெருவில் ஓடும் செந்தண்ணீரை ஒருமுறை பார்த்தாலே அந்த உயரத்துக்குக் காரணம் விளங்கிவிடும் என்று தோன்றுகிறது.

ஆதியில் 96 ஊர் என்பார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்க்கப்பட்டபோது 73 கிராமங்கள், 2 நகரங்கள் என்று கணக்குக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் இடம்பெற்றது தனி மாளிகை ஒன்றில்லை, ஊர்த் தொகுதிகள். சுற்றுலா வருகிறவர்கள் தவறவிடுவதும் அதைத்தான். இரண்டு வீட்டுக்குள் நுழைந்து, தூணைக் கட்டிக்கொண்டு படம் எடுத்து, வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு மதுரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தெருவைப் பார்ப்பதே இல்லை.

மழை நாளில் ஒரு பெரிய வீட்டுக்குள் இருக்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எனக்கு ஒருமுறை கிடைத்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி ஒருவர், எண்பதைத் தாண்டியவர், முகப்பு, பட்டாலை எல்லாம் கடந்து என்னை வளவுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். வளவு என்றால் நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். நாலு பக்கத்து ஓடும் உள்நோக்கித்தான் சரியும். மழை வலுத்ததும் முற்றத்தின் நாலு மூலையிலும் தண்ணீர் கயிறு கயிறாக இறங்கியது. வெண்கல அண்டா ஒன்று மூலையில் தயாராக இருந்தது, ஆனால் ஆச்சி அதைக் குழாய்க்கு நேரே நகர்த்தவில்லை. "பொறுங்க தம்பி, மொத மழை ஓட்டைக் கழுவட்டும்" என்றார். கால் மணி நேரம் கழித்து, விழும் தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு அண்டாவை இழுத்தார். நிறைந்து வழிந்தது முற்றத்துக் கல்தளத்தின் ஓரத்தில் இருந்த துவாரத்துக்குள் போனது. "அது எங்கே போகுது ஆச்சி?" என்றேன். "கெணத்துக்குக் கொஞ்சம், தெருவுக்குக் கொஞ்சம்" என்றார். அந்தக் காலத்தில் இந்த மழைத்தண்ணீரில்தான் பருப்பு வேகும் என்றும் சொன்னார்.

தெருவுக்கு வந்த தண்ணீர்தான் ஊரின் வரைபடத்தை எழுதியிருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். ஒரே வீடு ஒரு தெருவில் தொடங்கி, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் போய்த் திறப்பது சாதாரணம். அந்தத் தெருக்களின் வடிகால் ஊருணிக்கும் குளங்களுக்கும் போகும். ஊர் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. அதில் காலைக்கூட நனைக்கக் கூடாது; குளிக்க வேறு குளம், மாடு குளிப்பாட்ட வேறு. செம்புரான்கல்லால் சுற்றுச்சுவர், இறங்கப் படித்துறை, பக்கத்தில் கோயில், ஓர் அரசமரம். கோபுரம் தண்ணீரில் தெரியும் காட்சி இந்தப் பக்கத்து ஊர்களில் அத்தனை இயல்பாகக் கிடைப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

இப்படி ஊரும் தண்ணீருமாகப் பார்க்க எனக்குப் பிடித்தது, காரைக்குடிக்கு வடக்கே போகும் பாதை. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொஞ்சம் விலகிப் போனால் கோத்தமங்கலம், எல்லாம் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனை இருக்கிறது. எல்லாரும் அதன் முன்னால் நிற்பார்கள். நான் அதற்கு அடுத்தடுத்த தெருக்களில் நடக்கச் சொல்வேன். வாசலுக்கு மேலே சுதையில் கஜலட்சுமி இருப்பாள், அவளுக்கு இரண்டு பக்கமும் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் காவல் நிற்பான். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று உலகத்தைச் சுற்றி வந்த காசு, கடைசியில் வாசலில் திருமகளைத்தான் உட்கார வைத்திருக்கிறது. கோட்டையூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்தது இந்த ஊரில்தான். அவர் மறைவுக்குப் பிறகு அந்தச் சேகரிப்பு 1994-இல் சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகமாகிவிட்டது. தமிழ் அச்சு நூல்களின் பெரிய புதையல் ஒன்று ஒரு கிராமத்து வீட்டில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஊர்ச் சாலையைக் கடந்தால் ஊரே வேறு மாதிரி தெரியும்.

ஆத்தங்குடிக்கு எல்லாரும் தரைக்கல் பார்க்கத்தான் போகிறார்கள். பேரைக் கேட்டாலே உள்ளே ஆறு இருப்பது தெரியும். அந்த ஊர்ப் பக்கத்து மணல்தான் கல்லுக்கு உயிர் என்பார்கள் செய்கிறவர்கள். உள்ளூரில் பூக்கல் என்று பெயர். பட்டறையில் ஓர் அரை மணி நேரம் நின்று பாருங்கள். முதலில் ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ உலோக அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு இங்கே, பச்சை அங்கே, மஞ்சள் நடுவே. கை தயங்குவதே இல்லை. பிறகு அச்சை அலுங்காமல் மேலே தூக்க வேண்டும். வேலையே அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். அதன் மேல் காய்ந்த மணலும் சிமென்ட்டும் கலந்து தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் செய்து, ஓரமாக வைக்கிறார்கள். அப்புறம் தொட்டித் தண்ணீரில் பல நாள் ஊற வேண்டும். காய்ந்து கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கும். சூளை இல்லை, நெருப்பு இல்லை. மணல், தண்ணீர், வெயில், கை, அவ்வளவுதான். உற்றுப் பார்த்தால் எந்த இரண்டு கல்லிலும் பூவின் விளிம்பு ஒன்றுபோல இருக்காது. கடையில் ஒன்றுபோல இருக்கும் கல்லைக் காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சரி, வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன? பணம் வந்தது பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்த வட்டித் தொழிலில். 1930-களின் பொருளாதார மந்தம், அடுத்து பர்மாவில் ஜப்பான் படையெடுப்பு என்று அடிமேல் அடி விழுந்ததும் வீடு கட்டுகிற வேகம் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். வீடு பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, கோயில் வரியும் அந்தப் புள்ளிக் கணக்கில்தான். தலைமுறை போகப் போகப் பங்கு கூடிக்கொண்டே போகிறது, வீடு மட்டும் கூடவில்லை. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால் கதவு திறக்கும், இரண்டு நாள் ஊர் கலகலக்கும், மறுபடி பூட்டு. பங்கு பிரிக்க முடியாமல் இடிக்கிற வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும். வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மண்ணோடு போவதற்கு இது மேல்.

ஆனால் வீடு இடிவதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் தருவது தெருக்களில் நடப்பது. பழைய தெருவின் மேலேயே சிமென்ட் சாலை, சில வருடம் கழித்து அதன் மேல் இன்னொன்று என்று போட்டு, சில ஊர்களில் தெரு வடிகாலைவிட உயரமாகி, மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போகத் தெரியாமல் வீட்டு வாசல்படியில் நிற்கிறது. ஊருணிக்குள் தண்ணீர் வரும் வாய்க்காலில் கட்டடமோ சீமைக்கருவேலமோ முளைத்திருக்கும். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஊருணியின் பக்கம் யாருக்கும் வேலையில்லை. நல்லவேளையாகச் சில ஊர்களில் இளைஞர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் சேர்ந்து தூர்வாரியிருக்கிறார்கள். அந்த ஊர்கள் கார்த்திகையில் எப்படி இருக்கின்றன என்று போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நகரத்தாரின் பிரிவுகளுக்கு உரிய ஒன்பது நகரக் கோயில்களை ஒரே நாளில் ஓடிப் பார்க்கிற வழக்கம் இருக்கிறது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பிள்ளையார்பட்டியில் கூட்டம் தள்ளும். மற்ற எட்டில் பெரும்பாலும் உங்கள் காலடி உங்களுக்கே கேட்கும். எனக்கென்றால் இரணியூரின் சிற்பத் தூண்களும் வைரவன்பட்டியின் அமைதியும் போதும். தை மாதம் வருகிறவர்கள் பொங்கலுக்கு அடுத்த செவ்வாயன்று நாட்டரசன்கோட்டைக்குப் போகலாம். கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் புள்ளிக்கு ஒரு பானை என்று வரிசையாக நூற்றுக்கணக்கில் பொங்கல் வைப்பார்கள். முன்னே சொன்ன புள்ளிக் கணக்கை அங்கே புகையும் பானையுமாகக் கண்ணால் எண்ணலாம்.

திருப்பத்தூர் பக்கம் வந்தால் கொள்ளுக்குடிப்பட்டியைத் தவறவிடாதீர்கள். மாளிகை எதுவும் கிடையாது, சாதாரணக் கண்மாய்க்கரை ஊர். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி கண்மாய்கள் இவை. மழை முடிந்ததும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கொக்கு என்று இலை தெரியாமல் அடைந்துவிடும். பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்கு வனத்துறையினர் வந்து ஊர்ப்பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது. கரையில் நின்று பார்க்க ஒரு காசு செலவில்லை. சத்தம் போடாமல் இருந்தால் போதும்.

வடக்கே புதுக்கோட்டைச் சாலையில் ராயவரமும் கடியாபட்டியும் கானாடுகாத்தானுக்குச் சளைத்தவை இல்லை, கூட்டம் மட்டும் கிடையாது. அதே சாலையில் திருமயம். 1687-இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை, அந்தக் குன்றின் அடியிலேயே சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரை. நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில் வழி நெடுக நிற்கும் மண்குதிரைகளை மாலை வெயிலில் பாருங்கள். அய்யனாருக்கு மண்குதிரை எடுத்து வந்து வைக்கும் புரவியெடுப்புத் திருவிழாவில் வந்து சேர்ந்தவை அவை. பழையது உடைந்து மண்ணாகும், புதியது வரும்.

இனி கிழக்கே. ஊர்ப் பெயர்களைக் கவனித்தால் கடல் எங்கே தொடங்குகிறது என்று வரைபடம் இல்லாமலே சொல்லிவிடலாம். உள்நாட்டில் ஆத்தங்குடி, அரியக்குடி, இலுப்பைக்குடி, புதுவயல், ஆறாவயல், சிராவயல் என்று குடியும் வயலும். தேவகோட்டை தாண்டித் திருவாடானைச் சாலையில் போகப் போகப் பனை கூடும், மண் வெளுக்கும். கடலோரத்தை எட்டினால் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், தேவிபட்டினம் என்று எல்லாம் பட்டினம். காரைக்குடியிலிருந்து தொண்டிக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் கண்ணாடி போன்ற வெள்ளைப் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ந்திருக்கின்றன. கடல் அப்படியும் ஊருக்குள் வந்திருக்கிறது.

தொண்டிக்குக் கொஞ்சம் முன்னால் விலகினால் ஓரியூர். அருளானந்தர் என்று நம்மவர்கள் சொல்லும் ஜான் டி பிரிட்டோ 1693-இல் தலை வெட்டப்பட்ட இடம். அந்த இடத்து மண் சிவப்பாக இருக்கும். அள்ளி நெற்றியில் பூசிக்கொள்ள எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் மணல்பரப்பும் பேரலையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். ராமேஸ்வரம் பக்கம் இதைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அலை இருக்கிறதா என்று தேட வேண்டும். அடியில் கடல்புல் மேடு. அதை மேய்கிற ஆவுளியாவுக்காக, அதாவது கடற்பசுவுக்காக, தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக 2022-இல் அறிவித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதலாவது. மீன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றால் நாள் பார்த்துப் போகணும்: இங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நண்டும் இறாலும் காரைக்குடிச் சமையலில் பேர் வாங்கியதற்கு இந்தக் கரையைத்தான் கும்பிட வேண்டும்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகங்களாக வணங்கும் ஒன்பது கற்களைப் பார்க்கப் போகிறவர்கள் வழியிலேயே காரங்காட்டில் நிறுத்தலாம். சின்ன மீனவ ஊர், மாதா கோயில், அதைத் தாண்டியதும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். நான் போனது நல்ல மழைக்குப் பிறகு. இரண்டு பக்கமும் வேர்கள் சேற்றிலிருந்து ஊசி ஊசியாக மேலே நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் தண்ணீர் கடல் நிறத்தில் இல்லாமல் லேசாகச் சிவந்திருந்தது. என்ன இப்படி என்றேன். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு மேற்கே கை காட்டினார். "மேக்க கம்மாயெல்லாம் மறுகா போயிருக்குண்ணே. அந்தத் தண்ணிதான் இது" என்றார். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பாதிதான் உப்பு.